பிள்ளை கேட்கும் 'ராம்'

வருஷத்தில் ஒரு தடவையாவது நமது வீடுகளில் ஒரு மனு வந்து சேருகிறது. பரீட்சை முடிந்த மறுநாள் வரும். அல்லது தீபாவளிக்கு முந்தின வாரம் வரும். மனுதாரருக்கு வயது பதினைந்துக்கு மேல், இருபத்தைந்துக்குள். அன்றைக்கு மட்டும் அவர் சாப்பிட்ட தட்டைத் தாமே கழுவி வைப்பார். மொட்டை மாடியில் காய்ந்த துணிகளைச் சொல்லாமலே எடுத்து வந்து மடிப்பார். நீங்கள் சந்தேகப்பட்டு, "என்னடா விஷயம்?" என்று கேட்கும் வரையில் பொறுத்திருந்துவிட்டு, "அம்மா, எனக்கு ராம் வேணும்" என்பார்.

பிள்ளைக்குத் திடீரென்று பக்தி பிறந்துவிட்டதாக்கும் என்று நீங்கள் பூரித்துப் போவதற்குள், "முப்பத்திரண்டு ஜி.பி. இருந்தால் போதும், அம்மா. கேம் எல்லாம் பிரமாதமாக ஓடும்" என்று அடுத்த வாக்கியம் வந்து விழும். தொகையைக் கேட்டதும் உங்களுக்கு மூச்சு நின்று போகும்.

இந்த மனு பிள்ளைகளிடமிருந்துதான் வரவேண்டும் என்று சட்டமில்லை. பெண்களும் போடுகிறார்கள். காதோரம் நரைத்த கணவன்மார்கள் போடுவதும் உண்டு. சகோதரிகளே, உங்களில் சிலர் உங்களுக்காகவே போட்டுக்கொண்டிருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாதாரணமாக இதற்கு இரண்டு தீர்ப்புகள்தான் வழங்கப்படுகின்றன. ஒன்று, "விளையாட்டுக்குப் பணமா? படிக்கிற வழியைப் பார்!" இன்னொன்று, "எனக்கு இதெல்லாம் தெரியாது, அப்பா! இந்தா பணம், ஆளை விடு." முதல் தீர்ப்பில் பிள்ளைக்கு மனக்கசப்பு. இரண்டாவதில் உங்களுக்குப் பண நஷ்டம். இரண்டிலும் விசாரணை என்பதே நடக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? இந்த வாரம் அந்த விசாரணையை எப்படி நடத்துவது என்று பார்ப்போம். அதற்கு நீங்கள் இன்ஜினீயர் ஆகவேண்டிய அவசியம் இல்லை. சமையலறையை நிர்வகித்துப் பழகிய அறிவு போதும்.

கல்யாண வீட்டு மேடை

கல்யாணச் சமையல் நடக்கும் இடத்தை நீங்கள் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். சாமான் அறையில் மூட்டை மூட்டையாக அரிசியும் பருப்பும் அடுக்கியிருக்கும். தலைமைச் சமையற்காரர் அடுப்பருகே நிற்பார். ஒவ்வொரு கரண்டி மிளகாய்ப் பொடிக்கும் அவர் சாமான் அறைக்கு ஓடிக்கொண்டிருந்தால் முகூர்த்தச் சாப்பாடு மறுநாள்தான் கிடைக்கும். ஆகையால் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு மேடை போட்டு, அப்போதைய சமையலுக்கு வேண்டியதையெல்லாம் அதில் பரப்பி வைத்துக்கொள்கிறார்.

கம்ப்யூட்டரிலும் இதே ஏற்பாடுதான். சமையற்காரர் என்பது பிராஸஸர். சாமான் அறை என்பது எஸ்.எஸ்.டி. அல்லது ஹார்ட் டிஸ்க். மேடை என்பதுதான் பிள்ளை கேட்கும் ராம். மின்சாரம் நின்றால் மேடை துடைத்து விட்டாற்போல் காலியாகிவிடும். சாமான் அறையில் உள்ளது பத்திரமாக இருக்கும்.

மேடை சிறியதாக இருந்தால் என்ன ஆகும்? புதிதாக ஒரு பாத்திரம் வைப்பதற்குப் பழைய பாத்திரம் ஒன்றைச் சாமான் அறைக்குத் திருப்பி அனுப்பவேண்டும். அடுத்த நிமிஷம் அதுவே தேவைப்படும். மறுபடி கொண்டு வரவேண்டும். விளையாட்டு நடுவில் படம் திக்கித் திக்கி நிற்பதற்கு இந்த ஓட்டம் ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் மேடை ஏற்கனவே போதுமானதாக இருக்கும்போது, இன்னும் பத்தடி நீட்டினால் சாம்பார் சீக்கிரம் கொதித்துவிடுமா? கொதிக்காது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி விசாரணை முடிந்தாற்போலத்தான். ராம் பற்றாக்குறை இருக்கிற கம்ப்யூட்டரில் ராம் சேர்த்தால் பலன் கண்கூடாகத் தெரியும். பற்றாக்குறை இல்லாத இடத்தில் சேர்த்தால் பணம் போனதுதான் தெரியும்.

விளையாட்டுக் கம்ப்யூட்டரில் இன்னொருவரும் உண்டு. கல்யாணத்தில் பட்சணத்துக்கென்று தனியாக ஒருவர் வருவார் அல்லவா? அவரைப் போலப் படம் வரைவதற்கென்றே கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று இருக்கிறது. அவருக்குத் தனி மேடை உண்டு. அது அந்தக் கார்டிலேயே பதித்து வருவது. நீங்கள் ராம் வாங்கி அந்த மேடையை நீட்ட முடியாது. "என் கிராபிக்ஸ் கார்டில் மெமரி குறைவு, அதனால் ராம் வேண்டும்" என்று பிள்ளை சொன்னால், வழக்கு வேறு, மருந்து வேறு என்று சொல்லிவிடலாம். தனிக் கார்டு இல்லாத கம்ப்யூட்டர்களில் மட்டும் பட்சணக்காரரும் பொது மேடையிலேயே இடம் பிடித்துக்கொள்கிறார். அப்படிப்பட்ட வீட்டில் ராமின் அளவும் வேகமும் இன்னும் முக்கியமாகின்றன.

ஓட்டைப் பாத்திரங்கள்

இந்த ராம் என்கிற பொருளின் சரித்திரம் ரசமானது. 1966-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்ட் என்பவர் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். ஒரு சின்ன மின்சாரப் பாத்திரம், அதற்கு ஒரு கதவு: இவ்வளவுதான். பாத்திரம் நிறைந்திருந்தால் ஒன்று. காலியாக இருந்தால் பூஜ்யம். 1968-இல் அதற்குப் பேடன்ட் உரிமை கிடைத்தது. 1970-இல் இன்டெல் கம்பெனி விற்பனைக்கு விட்ட 1103 என்ற சில்லில் 1,024 பாத்திரங்கள் இருந்தன. உங்கள் பிள்ளை வாங்க விரும்பும் 16 ஜி.பி. ஸ்டிக் ஒன்றில் எத்தனை தெரியுமா? 13,743 கோடி! டென்னார்ட் 2024-இல் காலமானார். இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இந்தப் பாத்திரங்களுக்கு ஒரு குறை உண்டு. எல்லாமே ஒழுகும். காலியாவதற்குள் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். டி.டி.ஆர். 4 என்ற ரகத்தில் ஒவ்வொரு பாத்திரத்தையும் 64 மில்லி வினாடிக்குள் ஒரு தடவை, அதாவது வினாடிக்குப் பதினைந்து தடவைக்குக் குறையாமல், நிரப்பியாக வேண்டும். கோடிக்கணக்கான பாத்திரங்களில் ஒன்றிரண்டு மட்டும் அளவுக்கு மேல் ஒழுகினாலும் விளையாட்டு பாதியில் நின்றுவிடும், கம்ப்யூட்டரே படுத்துவிடும். பார்வைக்கு அந்த ஸ்டிக் புத்தம் புதிதாகப் பளபளவென்றுதான் இருக்கும். ராமை வாங்கிய பிறகு சோதிக்க வேண்டும் என்று பின்னால் சொல்லப் போவதற்கு இதுதான் காரணம்.

காசில்லாத விசாரணை

பணப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பு செய்யவேண்டிய சோதனைகள் நான்கு. நான்குக்கும் செலவு கிடையாது. பிள்ளையையே செய்யச் சொல்லிப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள்.

முதலாவது: எந்த விளையாட்டு திக்குகிறது என்று புகார் செய்கிறானோ, அதையே அரைமணி நேரம் ஆடச் சொல்லுங்கள். வழக்கமாகத் திறந்து வைப்பதையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டே ஆடட்டும். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று சாவிகளையும் சேர்த்து அமுக்கினால் விண்டோஸில் டாஸ்க் மானேஜர் என்ற பக்கம் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி. 'இன் யூஸ்' என்ற இடத்தில் உள்ள எண்தான் சாட்சி. எட்டு ஜி.பி. உள்ள கம்ப்யூட்டரில் ஏழரைக்குப் பக்கத்தில் நின்றால் பற்றாக்குறை நிஜம். பதினாறு உள்ள கம்ப்யூட்டரில் பத்தில் நின்றால் மனுவைத் தள்ளுபடி செய்யலாம். 'கேஷ்டு' என்று இன்னோர் எண் இருக்கும். அது காலி இடத்தை விண்டோஸ் தற்காலிகமாக உபயோகப்படுத்திக்கொள்வது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இரண்டாவது: அதே பக்கத்தில் ஜி.பி.யு. என்ற வரியைப் பாருங்கள். மெமரியில் தாராளமாக இடம் இருக்கும்போதே அது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று நின்றால், திணறுவது பட்சணக்காரர். விளையாட்டின் அமைப்பில் படத்தின் தரத்தை ஒரு படி குறைத்தாலே நிவாரணம் கிடைக்கும். விளையாட்டு திறப்பதற்கு மட்டும் வெகு நேரம் ஆகிறது, திறந்த பிறகு நன்றாக ஓடுகிறது என்றால், பழைய ஹார்ட் டிஸ்க்தான் குற்றவாளி. அதற்கு வேண்டியது எஸ்.எஸ்.டி.

மூன்றாவது: விளையாட்டுக்குப் பின்னால் என்னென்ன திறந்திருக்கின்றன? பிரவுஸரில் இருபது பக்கங்கள், பாட்டு, நண்பர்களோடு பேசுகிற டிஸ்கார்டு, ஆட்டத்தைப் பதிவு செய்கிற இன்னொரு புரோகிராம் என்று ஒரு கூட்டமே மேடையில் உட்கார்ந்திருக்கும். வேண்டாததை மூடிவிட்டு மறுபடி ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காவது: டாஸ்க் மானேஜரில் மெமரியின் வேகமும் போட்டிருக்கும். ஸ்டிக்கின் மேல் 3200 என்று அச்சடித்திருக்க, இங்கே 2133 அல்லது 2400 என்று காட்டினால், காசு கொடுத்து வாங்கிய வேகத்தை உபயோகிக்காமல் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கம்ப்யூட்டர் தொடங்கும்போது 'பயாஸ்' என்ற அமைப்புப் பக்கத்துக்குப் போய், இன்டெல் கம்ப்யூட்டராக இருந்தால் எக்ஸ்.எம்.பி. என்பதையும், ஏ.எம்.டி.யில் எக்ஸ்.எம்.பி., டி.ஓ.சி.பி. அல்லது எக்ஸ்போ என்று எந்தப் பெயரில் இருக்கிறதோ அதையும் 'ஆன்' செய்தால் அந்த வேகம் கிடைக்கும். வருஷக்கணக்கில் இதைச் செய்யாமலே விளையாடிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

எவ்வளவு வேண்டும்?

பற்றாக்குறை நிஜம் என்று ருசுவாகிவிட்டது. இனி அளவு. இதற்குப் பிள்ளையின் ஆசையையோ கடைக்காரரின் ஆசையையோ கேட்க வேண்டாம். விளையாட்டைச் செய்தவர்களே குறைந்தபட்சம் இவ்வளவு, சிபாரிசு இவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

வாலரன்ட் என்ற விளையாட்டுக்குக் குறைந்தபட்சம் 4 ஜி.பி. என்கிறார்கள். 2023-இல் வந்த கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-க்கு 8. சைபர்பங்க் 2077-க்குக் குறைந்தபட்சம் 12, சிபாரிசு 16. ஹாக்வர்ட்ஸ் லெகஸிக்குக் குறைந்தபட்சமே 16. விமானம் ஓட்டுகிற மைக்ரோஸாஃப்ட் ஃபிளைட் ஸிமுலேட்டர் 2024-க்குக் குறைந்தபட்சம் 16, சிபாரிசு 32, உத்தமம் 64.

ஆகவே சுருக்கமாகச் சொன்னால், விளையாடுகிற கம்ப்யூட்டருக்கு எட்டு என்பது இப்போது அரை வயிற்றுச் சாப்பாடு. பதினாறு, பெரும்பாலான வீடுகளுக்கு முழுச் சாப்பாடு. புதிய பெரிய விளையாட்டுகளை ஆடிக்கொண்டே இன்னும் நாலு புரோகிராம்களைத் திறந்து வைப்பவர்களுக்கு முப்பத்திரண்டு. அறுபத்துநாலு என்பது விளையாட்டுக்காக மட்டும் என்றால் பெரும்பாலும் வீண். வீடியோப் படங்களை வெட்டி ஒட்டுகிறவர்கள் வாங்கினால் கேள்வி கேட்க வேண்டாம்.

எந்த ரகம்?

ரவிக்கைக்குத் துணி எடுக்கும்போது அளவு ரவிக்கை கொண்டு போவது போல, ராம் வாங்கப் போகும்போது மதர்போர்டின் பெயரைக் குறித்துக்கொண்டு போகவேண்டும். மதர்போர்டு எந்த ரகத்தை ஏற்கிறதோ அதுதான் பொருந்தும், வேறு பொருந்தாது. டி.டி.ஆர். 4 என்பதற்கு 2012-இல் விதிகள் வெளியாயின, டி.டி.ஆர். 5-க்கு 2020-இல். இரண்டு ஸ்டிக்கிலும் 288 தங்க நிறக் கால்கள்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஐந்தை நான்கின் இடத்தில் பலவந்தமாக அழுத்தினால் ஏதாவது உடையுமே தவிர, உள்ளே போகாது.

ஏ.எம்.டி.யின் ஏ.எம். 4 என்ற வகை மதர்போர்டுகளுக்கு டி.டி.ஆர். 4. 2022-இல் வந்த ஏ.எம். 5 வகைக்கு டி.டி.ஆர். 5 மட்டும். இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைகளில் இரண்டு விதமான போர்டுகளும் உண்டு. ஆகவே போர்டின் பெயரைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. மடிக் கம்ப்யூட்டருக்கான ஸ்டிக் குட்டையாக இருக்கும். அது வேறு அளவு. சில மடிக் கம்ப்யூட்டர்களில் ராமைப் பற்ற வைத்தே விற்கிறார்கள். அவற்றில் எந்தக் காலத்திலும் மாற்ற முடியாது.

பெட்டியின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். 3200, 6000 என்பது போன்ற பெரிய எண், பந்தியில் ஒரு நிமிஷத்தில் எத்தனை இலைக்குப் பரிமாற முடியும் என்பது போல. சி.எல். 16, சி.எல். 30 என்ற சிறிய எண், "சாம்பார்!" என்று கூப்பிட்டதிலிருந்து ஆள் வந்து சேர எவ்வளவு தாமதம் என்பது போல. சிறிய எண்ணை 2000-ஆல் பெருக்கிப் பெரிய எண்ணால் வகுத்தால் உண்மையான தாமதம் தெரிந்துவிடும். 3200-க்கு சி.எல். 16 என்றால் 10 நானோ வினாடி. 6000-க்கு சி.எல். 30 என்றாலும் அதே 10. 6000-க்கு சி.எல். 36 என்றால் 12. பேனாவும் காகிதமும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். பொதுவாக டி.டி.ஆர். 4-இல் 3200 அல்லது 3600, ஏ.எம். 5 போர்டில் 6000 என்பவை விலைக்கும் பலனுக்கும் ஒத்துப் போகிறவை. அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் விலை ஏறுகிற அளவுக்கு விளையாட்டில் பலன் ஏறுவதில்லை.

ஸ்டிக்கில் வானவில் போல விளக்கு எரிகிற தினுசும் உண்டு. கொலுவுக்கு அழகாக இருக்கும். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரட்டை மாடு

ஒரே 16 ஜி.பி. ஸ்டிக் வாங்குவதா, இரண்டு எட்டு வாங்குவதா? விளையாட்டுக்கு இரண்டு எட்டுதான் மேல். பிராஸஸருக்கும் ராமுக்கும் நடுவே இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒரு ஸ்டிக் இருந்தால் ஒரு பாதைதான் ஓடும். டி.டி.ஆர். 4-3200-இல் ஒரு பாதையில் வினாடிக்கு 25.6 ஜி.பி.; இரண்டு பாதையில் 51.2. ஒற்றை மாட்டு வண்டிக்கும் இரட்டை மாட்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசம் இது.

இரட்டை மாட்டில் ஒன்று நொண்டினால் வண்டியே மெதுவாகத்தானே போகும்? அது போல 3200 ஸ்டிக்கையும் 2400 ஸ்டிக்கையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் 2400-இல்தான் ஓடும். கூடிய வரையில் ஒரே மாதிரி ஜோடியாகப் பாருங்கள். நான்கு இடத்திலும் நான்கு ஸ்டிக் செருகினால் டி.டி.ஆர். 5 போர்டுகளில் வேகம் குறைந்துவிடுவது வழக்கம். ஆகையால் இரண்டோடு நிறுத்துவது நல்லது.

ஒரு வீட்டுக் கணக்கு

உதாரணத்துக்கு மாம்பலத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை கல்லூரியில் முதல் வருஷம். பெண் பிளஸ் டூ. ஜூன் மாதத்தில் அவளுக்கு ஹாஸ்டல் கட்டணம் கட்டவேண்டும். அதற்காக அம்மா மாதாமாதம் ஒதுக்கி வைத்த தொகை பாங்கியில் இருக்கிறது. கம்ப்யூட்டர் 2020-இல் வாங்கியது, ஏ.எம். 4 போர்டு, 8 ஜி.பி. ஸ்டிக் ஒன்று. பிள்ளையோடு படித்த நண்பர்கள் கோயம்புத்தூர், திருச்சி, பெங்களூர் என்று பிரிந்து போய்விட்டார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லோரும் கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் கூடுகிறார்கள். நமது தாத்தாக்களுக்குத் திண்ணை எப்படியோ, அப்படி அவர்களுக்கு அந்த ஆட்டம். சரியான சமயத்தில் இவனுடைய படம் மட்டும் உறைந்து நிற்கிறது. "நீ வராமலே இருக்கலாம்டா" என்று ஒருவன் வேடிக்கையாகச் சொல்லிவிடுகிறான். வேடிக்கைதான்; ஆனால் பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைக்காரர் சொல்கிறார்: "தம்பி, டி.டி.ஆர். 5-இல் 32 ஜி.பி. போட்டுவிடு. போர்டு மாற்றவேண்டி வரும். பிராஸஸரும் மாற்றவேண்டி வரும்." தொகையைக் கூட்டிப் பார்த்தால் தங்கையின் ஹாஸ்டல் பணத்தில் பாதிக்கு மேல் போய்விடும்.

அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து விசாரிக்கிறாள். அரைமணி ஆட்டத்துக்குப் பிறகு 'இன் யூஸ்' 7.4. ஆகப் பற்றாக்குறை நிஜம். பிள்ளை பொய் சொல்லவில்லை. பிரவுஸரை மூடினால் 6.3, திக்கல் குறைகிறது, ஆனால் நிற்கவில்லை. ஸ்டிக்கின் மேல் 3200, திரையில் 2400. எக்ஸ்.எம்.பி.யை 'ஆன்' செய்ததும் அது சரியாகிறது. பாக்கி இருப்பது அளவுதான். போர்டில் மூன்று இடங்கள் காலி. அதே கம்பெனி, அதே 3200, அதே சி.எல். எண்ணில் இன்னொரு 8 ஜி.பி. ஸ்டிக் போட்டால், மொத்தம் பதினாறு, பாதையும் இரண்டாகிவிடும். போர்டும் பிராஸஸரும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஹாஸ்டல் பணத்தைத் தொடவேண்டியதில்லை.

முப்பத்திரண்டு கேட்ட பிள்ளை, எண்களைத் தன் கண்ணாலேயே பார்த்த பிறகு, பதினாறுக்குச் சம்மதிப்பதில் கஷ்டம் ஒன்றுமில்லை. "கூடாது" என்ற சொல்லை யாரும் சொல்லவே இல்லை.

விலை ஏன் இப்படி?

"2025 ஆரம்பத்தில் என் சிநேகிதன் எவ்வளவு மலிவாக வாங்கினான் தெரியுமா!" என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள், ஆனால் அந்த விலைக்கு இப்போது எதிர்பார்க்காதீர்கள். உலகத்துக்கு வேண்டிய ராம் சில்லுகளில் பெரும் பகுதியைச் செய்பவை மூன்றே கம்பெனிகள்: தென் கொரியாவின் ஸாம்ஸங்கும் எஸ்.கே. ஹைனிக்ஸும், அமெரிக்காவின் மைக்ரானும். செயற்கை அறிவுக்கென்று கட்டப்படும் பெரிய பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள் இந்தச் சில்லுகளை மொத்தமாக வாங்கிக் குவிக்கின்றன. 2025-இன் கடைசி மாதங்களில் சில்லறைக் கடைகளில் ராம் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. அந்த வருஷம் டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, 'க்ரூஷியல்' என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு விற்று வந்த தொழிலையே மூடப்போவதாக அறிவித்தது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் யோசனை என்ன? "பின்னால் உபயோகப்படும்" என்று எண்ணித் தேவைக்கு மேல் வாங்கி வைக்கிற காலம் இது அல்ல. நிஜமான பற்றாக்குறைக்கு மட்டும் வாங்குங்கள். டி.டி.ஆர். 4 ஸ்டிக்குகள் கைமாறியதாகவும் கிடைக்கும். ராமில் தேய்ந்து போகிற பாகம் இல்லாததால், சோதித்து வாங்கினால் பழைய ஸ்டிக்கும் மோசமில்லை. ஆனால் "வேலை செய்யாவிட்டால் இத்தனை நாளைக்குள் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்" என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்.

கடையிலும் வீட்டிலும்

ரிச்சித் தெருவுக்குப் போனாலும் சரி, வீட்டிலிருந்தே வரவழைத்தாலும் சரி, கையில் ஒரு சீட்டு இருக்கட்டும்: போர்டின் பெயர், ரகம், அளவு, வேகம், சி.எல். எண், எத்தனை ஸ்டிக். ஐந்தாறு வரிதான். அந்தச் சீட்டோடு போகிறவரிடம் வேறு சரக்கைத் தள்ளிவிடுவது கஷ்டம். ஜி.எஸ்.டி. பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வாரண்டி கேட்டுப் போகும்போது அதுதான் சாட்சி.

மாட்டுவது கஷ்டமான வேலை அல்ல. சுவரில் சுவிட்சை அணைத்து, வயரையும் பிடுங்கிவிட வேண்டும். கம்ப்யூட்டரின் பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டுப் பிறகு ஸ்டிக்கைத் தொடவேண்டும். நம் உடம்பில் சேரும் மின்சாரம் சில்லுக்கு ஆகாது. வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து இரண்டு முனைகளையும் ஒரே சீராக அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் கேட்கும். நான்கு இடம் உள்ள போர்டில், பிராஸஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் ஜோடிக்கு உரிய இடங்களாக இருப்பது வழக்கம். போர்டின் புத்தகத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செருகிவிட்டு, ஒற்றை மாட்டோடு ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு.

டி.டி.ஆர். 5 போட்ட கம்ப்யூட்டர் முதல் தடவை எழுந்திருக்கச் சில நிமிஷம் ஆகலாம். திரை கறுப்பாகவே இருக்கும். "போச்சு! பணம் போச்சு!" என்று அலறிப் பொத்தானை அமுக்கிவிடாமல் ஒரு டம்ளர் காபி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். எழுந்த பிறகு எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ இன்னும் 'ஆன்' ஆக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அன்று ராத்திரி மெம்டெஸ்ட்86 என்ற இலவச சோதனையை ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் ஒரு தவறு காட்டியிருந்தாலும் சரி, வேகத்தைச் சாதாரண நிலைக்குக் குறைத்து மறுபடி ஒரு தடவை சோதியுங்கள். அப்போதும் தவறு வந்தால் ஸ்டிக்கும் பில்லும் கடைக்குப் புறப்பட வேண்டியதுதான். "ஒன்றுதானே!" என்று விட்டு வைத்தால், ஒரு நாள் விளையாட்டோடு பிள்ளையின் கல்லூரிக் கட்டுரையும் சேர்ந்து பாழாகும்.

கடைசியாக ஒரு வார்த்தை. விசாரணையின் முடிவில் மனு தள்ளுபடியாவதும் உண்டு. பதினாறில் பத்துதான் செலவாகிறது என்று தெரிந்து, பிள்ளை முகம் தொங்கிப் போகலாம். அப்போது, "பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேனே!" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். படத் தரத்தை ஒரு படி குறைத்துப் பார்க்கலாமா, எஸ்.எஸ்.டி.க்கு எவ்வளவு ஆகும் என்று அவனோடு சேர்ந்து அடுத்த வரியைப் படியுங்கள். தன் கோரிக்கையை வீட்டில் ஒருவர் உட்கார்ந்து கவனித்துக் கேட்டார் என்பது பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த தடவை மனு எழுதுவதற்கு முன்னால் அவனே டாஸ்க் மானேஜரைத் திறந்து பார்த்துக்கொள்வான். சாப்பிட்ட தட்டை அப்போதும் கழுவி வைக்கிறானா என்பதை நீங்கள்தான் எனக்கு எழுதித் தெரிவிக்கவேண்டும்.